கறுப்புத் திரையில் ஒரு நிமிடம்

விடியற்காலை ஐந்து மணி. ஆனேக்கல்லைத் தாண்டி யூகலிப்டஸ் தோப்புக்குள் போகும் ஒற்றைச் சாலை. பனி... வேனின் விளக்கு பக்கத்து மரத்தைக்கூடத் தொடவில்லை. சாலை முடியும் இடத்தில், மூடிக் கிடக்கும் ஒரு பழைய ஜெயில்.

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள். சரி, நெருங்கி உட்காருங்கள்.

இது நம் லவினாவின் அண்ணன் கிளெமென்ட்டுக்கு நடந்தது. படங்களுக்குச் சத்தம் பதிவு செய்வது அவன் வேலை. இதை என்னிடம் சொல்லி முடிக்கும்வரை அவன் டீயைத் தொடவே இல்லை.

வேனில் மூன்று பேர். கிளெமென்ட், கேமராக்காரன் அச்யுத், டைரக்டர் நிக்கோல். அவர்கள் எடுத்த ஆவணப்படம் சீனு என்கிறவனைப் பற்றியது. செல்போன் திருட்டு வழக்கில் விசாரணைக் கைதியாக அந்த ஜெயிலுக்குள் போனான். தீர்ப்பு வருவதற்குள் பிணமாக வெளியே வந்தான். தனி அறையில் காய்ச்சலில் செத்தான், அன்று இரவு பூட்டைத் திறக்கவே இல்லை என்றார்கள் ஜெயில்காரர்கள். அவன் அம்மா எல்லம்மா அதை ஒரு நாளும் நம்பவில்லை.

ஆரம்பக் காட்சியை நிக்கோல் முன்பே முடிவு செய்திருந்தாள். முதல் ஒரு நிமிடம் திரை முழுக் கறுப்பு. பேச்சு இல்லை, இசை இல்லை. சீனு செத்த அறையின் சத்தம் மட்டும். பிறகு கேமரா வாசலில் கிளம்பி, நடக்கிற ஆளின் கண் உயரத்தில், எங்கும் வெட்டாமல் அந்த அறை வரைக்கும் போகும். நுழைந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். பார்க்கிறவன் கைதியாகிவிட வேண்டும்.

அச்யுத் ஒரே ஷாட்டில் நடந்து முடித்தான். அடுத்தது கிளெமென்ட்டின் நிமிடம்.

காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு... அறைக்கு அறை அது வேறு. மைக்கை நடுவில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, மூவரும் வெளியே மூச்சை அடக்கி நின்றார்கள். ஹெட்போன் கிளெமென்ட்டின் காதில்.

எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு புறா சிறகடித்தது. அப்புறம்... சிமெண்ட் தரையில் துணி இழுபடும் சத்தம். உள்ளேயிருந்து. கதவிடுக்கில் பினாயில் வாடை வந்தது. வருஷக்கணக்கில் யாரும் கழுவாத இடம் அது.

பிறகு ஓர் ஆண் குரல். மெதுவாக, கன்னடத்தில்.

“சீனு... ஏளோ. பா.”

எழுந்திரு, வா. தூங்குகிறவனை எழுப்புகிற குரல். மைக்குக்கு வெகு அருகில்.

கதவைத் திறந்தார்கள். உள்ளே மைக் மட்டும்தான் இருந்தது.

அந்தக் குரலைப் படத்தில் வைத்தே தீர வேண்டும் என்றாள் நிக்கோல். தாயைக் கேட்காமல் தர மாட்டேன் என்றான் கிளெமென்ட். பெரிய சண்டை. கடைசியில் எல்லம்மாவை லிங்கராஜபுரத்தில் அவன் வேலை செய்யும் அறைக்கே வரவழைத்தார்கள். நல்ல மத்தியானம். கீழே தெருவில் ஆட்டோக்களின் ஹாரன்.

ஹெட்போனை அவனே மாட்டிவிட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“இது என் புள்ள இல்லப்பா. என் புள்ளைய யாரோ எழுப்பறான்.”

அன்று பூட்டைத் திறக்கவே இல்லை என்றார்களே... அப்படியானால் உள்ளே போய் எழுப்பியது யார்?

பதிவு ஓடி முடிந்து நின்றது. ஹெட்போனைக் கழற்றப் போன கிளெமென்ட்டின் கையை அவள் தடுத்தாள். இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே “ம்...” என்றாள். தலையாட்டினாள். ஓர் இடத்தில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெகு நேரம். கம்ப்யூட்டரில் எதுவுமே ஓடவில்லை.

பிறகு தானே கழற்றி வைத்தாள்.

“யாருன்னு என் புள்ளையே சொல்லிட்டான்.”

கேமரா முன்னால் அந்தப் பெயரை மட்டும் சொல்லச் சொல்லி, நிக்கோல் படிக்கட்டு வரை கெஞ்சிக்கொண்டே போனாள். எல்லம்மா செருப்பை மாட்டினாள்.

“படத்துல வேணாம்மா. அவன் வூட்டாண்ட போயி நானே கேக்கறேன்.”

அவள் பஸ் ஏறியதைக் கிளெமென்ட் ஜன்னலில் பார்த்தான். அவள் வீடு போய்ச் சேரவில்லை. யார் வீட்டுக்குப் போனாள் என்றும் தெரியவில்லை. நிக்கோல் இன்றும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிறாள்.

எல்லம்மாவைக் காணவில்லை என்று தெரிந்த அன்று, கிளெமென்ட் அந்தப் பதிவை மறுபடி போட்டான். தண்ணீர் சொட்டியது. புறா சிறகடித்தது. துணி இழுபட்டது. எழுப்பும் குரலைக் காணோம். அந்த இடத்தில்... அதே அறையின் எதிரொலியோடு, மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, எல்லம்மாவின் “ம்...”