ஆறு மணி நடை

— இங்க அழுத்தினா?

— இல்ல டாக்டர்.

— பொய் சொல்லக் கூடாது. இங்க? குதிகால் முடிஞ்சு பள்ளம் ஆரம்பிக்கிற இடம். போன தடவை இதே இடத்துல விரல் வச்சப்ப என் கோட்டைப் பிடிச்சு இழுத்தீங்க. பொத்தானே போச்சு, சரியா?

— மன்னிச்சுக்குங்க. இப்ப சுத்தமா வலி இல்ல.

— காலைல எழுந்து முதல் அடி வைக்கும்போது?

— ஊசி குத்துற மாதிரி இருந்ததே, அது போயிடுச்சு.

— மூணே வாரத்துலயா? எங்கிட்ட ஒரு வருஷம் நடந்தவங்க உண்டு. எலும்பு வளர்ந்திருக்குன்னு யாரோ எக்ஸ்ரேயக் காட்டி உங்களப் பயமுறுத்தியிருந்தாங்க இல்ல? அது பாதிப் பேருக்கு இருக்கும், வலியே இருக்காது. வலிச்சது அடியில இருக்குற பட்டை. குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் ஓடுது. தூங்குறப்ப சுருங்கிக் கிடக்கும், எழுந்து நின்னதும் வெடுக்குனு இழுபடும். என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க.

— கட்டில விட்டு இறங்குறதுக்கு முன்னாடி துண்டைப் பாதத்துல மாட்டி இழுத்தேன். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு கெண்டைக்கால நீட்டினேன். தண்ணி பாட்டில உறைய வச்சு உருட்டினேன்.

— வீட்டுக்குள்ள?

— நீங்க சொன்ன மெத்து செருப்பு. வெறுங்கால்ல தரையில ஒரு அடி கூட வைக்கல.

— சமர்த்து. அப்புறம் எதுக்கு இன்னைக்கு வந்து காத்துக் கிடந்தீங்க?

— என்னன்னா... அந்த ஷூவ வாங்கிட்டுப் போலாம்னு.

— நான் பிடுங்கி வச்சதா? அதோ, அலமாரி மேல பைக்குள்ள கிடக்கு. தர மாட்டேன்.

— டாக்டர்...

— அதப் போட்டுத்தானே இந்தக் கதிக்கு வந்தீங்க? உங்க பாதம் உள்பக்கமா சாயுது. அந்த ஷூ வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. வலது ஷூ நுனி உரசி உரசி ஓட்டை விழப் போகுது. கால் ஒரு ஆளு, ஷூ ஒரு ஆளு. யாரோடதுன்னு அன்னைக்கே கேட்டேன். வெயில் ஜாஸ்தின்னு பேச்ச மாத்திட்டீங்க.

— எங்க அக்காவோடது.

— அவங்களுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துடுங்க, சரியா?

— அக்கா செத்து நாலு மாசம் ஆச்சு.

— அடடா. தெரியாம பேசிட்டேன்.

— பரவால்ல. எங்க அம்மாவுக்கே தெரியாது.

— என்னது?

— அம்மா கீழ் ரூம்ல படுத்த படுக்கை. இதயம் ரொம்ப பலவீனம், ஒரு அதிர்ச்சியும் தாங்காதுன்னு அவங்க டாக்டர் சொல்லிட்டார். அக்கா வேலையா வெளியூர் போன இடத்துல போயிட்டா. அங்கேயே எல்லாத்தையும் முடிச்சுட்டு அவ பையோட நான் மட்டும் திரும்பி வந்தேன். ஷூ அதுக்குள்ளதான் இருந்தது.

— நாலு மாசமா பெத்த பொண்ணு எங்கேன்னு கேக்கலையா?

— என்னன்னா, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. பதினோரு வருஷமா. அக்கா விரும்பினவர அம்மா வாசல்ல நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னையிலேர்ந்து அக்கா மாடியில, அம்மா கீழ. பின்பக்கப் படியிலதான் ஏறி இறங்குவா. ஆனா சாயந்திரம் ஆறு மணிக்கு வந்ததும் ஷூவக் கூடக் கழட்டாம ஒரு மணி நேரம் நடப்பா. பலகைத் தரை. அம்மா கட்டிலுக்கு நேர் மேல.

— அவ்வளவு கோபமா?

— கோபம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் பாத்தா, இருக்கேன்னு சொல்றா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அம்மா சாப்பிடவே செய்வாங்க.

— அப்ப இந்த நாலு மாசமா...

— கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு பின்படியில ஏறுவேன். அக்காவுக்குச் சின்ன வயசுல வலது கணுக்கால் ஒடஞ்சது. ஒரு அடி டக்குனு விழும், அடுத்தது சர்ருனு இழுக்கும். பழகவே பத்து நாள் ஆச்சு.

— பைத்தியமா உங்களுக்கு? இன்னொருத்தர் நடைய உங்க காலால நடந்தா அது எப்படித் தாங்கும்?

— நீங்க ஷூவப் பிடுங்கின அன்னைக்கே மாடி ஏறுறத விட்டுட்டேன். வேற ஷூவுல அந்தச் சத்தம் வராது. நடக்கலைன்னா அம்மா கேப்பாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து, உண்மைய எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.

— சொல்லிட்டீங்களா?

— மணி ஆறு அடிச்சுது. அம்மா மேல பாத்தாங்க. "வந்துட்டா"ன்னாங்க. தட்டை எடுன்னாங்க.

— ம். உங்களுக்குக் கேட்டுச்சா?

— ஒண்ணுமே கேக்கல. தினமும் அப்படித்தான். ஆறு மணிக்கு மேல பாப்பாங்க, சாப்பிடுவாங்க.

— பழகின காது, தானா கேட்டுக்கும். காலை வெட்டி எடுத்தவங்களுக்குக் கூட இல்லாத பாதம் வலிக்கும், சரியா? எல்லாம் மூளை பண்ற வேலை.

— நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன், நேத்து வரைக்கும்.

— அதுலயே இருங்க. அம்மா சாப்பிடுறாங்க, உங்க கால் ஆறிடுச்சு. ஷூ இங்கேயே கிடக்கட்டும். இது என்கிட்ட இருக்குன்னு அவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?

— ஷூவப் பத்தி நான் வாயே திறக்கல டாக்டர். அவங்க மாடிய எட்டிப் பாத்தே பதினோரு வருஷம் ஆச்சு.

— அப்புறம் இது எதுக்கு உங்களுக்கு?

— எனக்கில்ல. நேத்து அம்மா பாதிச் சாப்பாட்டுல கைய நிறுத்திட்டு மேலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "பாவம்டி உங்க அக்கா. மூணு வாரமா வெறுங்காலோட நடக்குறா. குதிகால ஊன முடியாம தாங்கித் தாங்கி வைக்கிறா. அவ ஷூவ எடுத்து வச்சிருக்கிறவங்ககிட்டச் சொல்லி வாங்கிக் கொடு."