பன்னிரண்டு பொதித் தொதல்

எனக்கு இனிப்பில் பெரிய விருப்பமில்லை. தேநீருக்கும் அரைக்கரண்டிச் சீனிதான். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் அலுவலகத்தில் பிணக்கு மாதிரிகளுக்கு நான் பொறுப்பு. பிராந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில், ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்று வாங்கும் நாடு சந்தேகித்தால், முதலில் இரு தரப்பும் பேச வேண்டும். அறுபது நாளில் தீராவிட்டால் மூன்று நடுவர்கள் வருவார்கள். அதுவரை சாமான் என் அலுமாரியில். சாவியும் அரக்கு முத்திரையும் என்னிடம். அலுவலகத்தில் ஆள் குறைவு.

சாய்ந்தமருது ஊர் ஸுஹைறாவின் தொதல், தேங்காய்ப்பாலில் கிண்டும் இனிப்பு, அப்படித்தான் வந்தது. வேறு நாட்டில் செய்ததை இவள் பொதி மட்டும் செய்கிறாள் என்பது குற்றச்சாட்டு. தோற்றால் வரிச்சலுகை போகும். கிண்டுகிற பதினொரு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டும்.

"எங்கட தொதல எங்கட எண்டு சொல்ல மூணு பேர் பிளேன்ல வரணுமா காக்கா?" என்று அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

அறுபது நாள் பேச்சில் தீரவில்லை, இனி அதுதான் நடைமுறை என்றேன். பன்னிரண்டு பொதிகளையும் அவள் முன்னால் முத்திரையிட்டேன்.

அது நோன்பு மாதம். முதல்நாள் கோப்பு வேலையில் அலுவலகத்திலேயே தங்கிவிட்டேன். பேரீச்சம்பழம் வீட்டில். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். அதன்பின் நோன்பு திறக்கத் தாமதிப்பது நல்லதல்ல. ஒரு பொதியை உடைத்து ஒரு துண்டு எடுத்தேன். மறுநாள் பேரீச்சம்பழம் கொண்டுவந்தேன். ஆனால் உடைத்த பொதியை மாதிரி என்று வைத்திருப்பது விதிக்கு முரண். முடித்துவிட்டேன்.

பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்த எழுதுவினைஞர் சுஜிந்தன் பார்த்துவிட்டான்.

"அது வழக்குச் சாமான்தானே காக்கா?"

"நோன்பு திறக்கிற நேரம் கதைக்காத தம்பி."

அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். நான் சுயநலக்காரன் அல்ல.

இருபதாம் நோன்பில் பன்னிரண்டு பொதியும் காலி. அதை அப்படியே விடுபவனும் அல்ல. என் மச்சான் றிபாத் பெருநாளுக்காக மலேசியாவிலிருந்து வந்தான். அவன் கொண்டுவந்ததும் தொதல். அதே கறுப்பு, அதே பளபளப்பு. ஸுஹைறாவின் உறைகளைக் கழுவிக் காயவைத்திருந்தேன். பன்னிரண்டையும் நிரப்பி முத்திரையிட்டேன். நடுவர்கள் எண்ணிப் பார்த்து, மாதிரிகளைப் பேணிய விதத்தைப் பாராட்டிக் கையொப்பமிட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள்.

பெருநாள் கழிந்த வாரம் தீர்ப்பு வந்தது. டுரியான் பழம் சேர்த்த மலேசியத் தொதல், இங்கே உறையிடப்பட்டது. ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆய்வுகூடம் மிகவும் நேர்மையானது.

ஸுஹைறா வந்தாள். அழவில்லை.

"டுரியான நான் கண்ணாலயும் கண்டதில்ல காக்கா. ஆரோ மாத்திட்டாங்க."

எனக்கு மனவருத்தம்தான். அலுவலகத்தை இப்படிச் சந்தேகிக்கக் கூடாது என்று சொன்னேன். மேன்முறையீட்டு விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். புதிதாகப் பன்னிரண்டு பொதி கொண்டுவந்து வைத்தாள். இம்முறை கஜுப் பருப்பு கூடுதலாகப் போட்டிருக்கிறாள்.

ஓம் ஐயா, தின்றதும் மாற்றியதும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை, அலுமாரியைத் திறந்து பாருங்கள். எட்டுப் பொதி இருக்கும். பெருநாளுக்குப் பின் பிடிக்கும் ஆறு நோன்பில் எனக்கு இன்னும் இரண்டுதான், நோன்புக்கு ஒரு பொதி. மிச்சம் ஆறு பொதி. நடுவர்கள் மூன்று பேர். ஆளுக்கு இரண்டு, தாராளம்.