அம்மாவுக்கும் ஆலோசகருக்கும் நடுவே நான்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில், ஃப்ளஷிங்கில் உள்ள எங்கள் கொரியக் குடும்ப உதவி மையத்தின் பத்தாம் ஆண்டு விழா நாளை மாலை. அதில் நான் பேச வேண்டிய நன்றியுரை ஏற்கெனவே திருத்தி, அச்சடித்து, தலைவியின் கோப்புக்குள் போய்விட்டது. இது வேறு பேச்சு. அம்மாவும் நானும் ஒரே அறையில் படுப்பவர்கள். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு குளியலறைக்கு மட்டும்தான். அதனால் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். மேடை ஏறியதும் எந்தத் தாளை எடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

அவைக்குத் தலைமை தாங்கும் திருமதி பியோன் அவர்களே! பத்து ஆண்டுகளாக இந்த மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளை விரித்தும் மடக்கியும் முதுகு நொந்த தொண்டர்களே! சபைப் பெரியோர்களே! கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, கையில் சலவை நீராவியின் வாசம் போகாமலே வந்திருக்கும் தாய்மார்களே! கடலுக்கு அந்தப் பக்கம் விடிகாலையில் கண்விழித்துக் கைபேசியில் எங்களைப் பார்க்கும் தந்தையரே! எல்லாருக்கும் மேலாக, என் அம்மாவே!

தலை தாழ்த்தி வணங்குகிறேன். மரியாதைக்காக மட்டுமல்ல, நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

என்னை அழைக்கும்போது 'நல்ல மகள் ஹேரிம்' என்றீர்கள். கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் படிப்புக்காக அம்மாவும் நானும் இங்கே வந்தோம். அப்பா கொரியாவில், தேகு நகரத்திலேயே வேலையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை கடல் கடந்து வந்து போகும் அவரைப் போன்றவர்களைக் காட்டுவாத்து அப்பா என்று கேலி செய்கிறோம். கேலி அப்பாவுக்கு, தனிமை அம்மாவுக்கு. போன குளிர்காலத்தில் அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு பேச்சைக் குறைத்தாள். நான்தான் மையத்துக்குத் தொலைபேசி செய்தேன். நம் மொழியிலேயே பேசும் ஆலோசகர் இருக்கிறார், திருமதி குவாக் என்றார்கள். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"குவாக் அக்காவா? ஞாயித்துக்கிழமை பாடகர் குழுவுல என் பக்கத்துல நிக்கிறவங்கடீ!"

"வெளிய சொல்ல மாட்டாங்கம்மா. ரகசியம் காக்கிறது அவங்க வேலை."

"வேலை அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும். வாய் முடியுமா? ஆராதனை முடிஞ்சு நூடுல்ஸ் பரிமாறும்போது என் கிண்ணத்துல மட்டும் ரெண்டு கரண்டி கூடுதலா விழும். அந்தப் பரிதாபத்தை யாருடீ திங்கிறது?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த இரண்டு கரண்டிக்குப் பயப்படாதவர் இந்த மண்டபத்தில் யாராவது உண்டா? திருமதி குவாக், நீங்களும் சிரியுங்கள். உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. எங்களுக்குத்தான் நம்ப முடியவில்லை.

ஆகவே அம்மா வெள்ளைக்கார ஆலோசகரைக் கேட்டாள். திருமதி ஹாலரன், பொறுமையானவர். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். வெளி ஆள் வேண்டாம், மகள் போதும் என்றாள் அம்மா. படிவத்தில் ஒரு கட்டம்: மொழிபெயர்ப்பாளருக்குப் பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும். நான் டிசம்பரில் பிறந்தவள், இந்த ஊர்க் கணக்கில் பதினாறு. ஆனால் நம் பழைய கணக்கில் பிறந்த அன்றே ஒன்று, புத்தாண்டு வந்ததும் இன்னொன்று.

"நம்ம கணக்குல பதினெட்டுதானே? எழுது. பொய்யா சொல்றோம்?"

எழுதினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு தாயின் உயிரைத் தூக்கிச் சுமக்க அந்த இரண்டு வயது எனக்குப் போதவில்லை என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

நான்காவது வியாழக்கிழமை. இந்த வாரம் எப்படி இருந்தது என்று திருமதி ஹாலரன் கேட்டார். அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ரயில் வரும்போது மேடையில இருக்கிற தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிறேன். பிடிக்கலேன்னா என் கால் என்ன பண்ணும்னு எனக்கே தெரியல."

கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். அந்த ஒரு நொடியில் என் மனம் எங்கே ஓடியது தெரியுமா? அம்மாவிடம் ஓடவில்லை. இதைச் சொன்னால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அப்பா பெட்டியைக் கட்டச் சொல்வார். என் பள்ளி போகும், என் தோழிகள் போவார்கள். அங்கே ஓடியது. இத்தனை சுயநலம் என்னிடம் இருக்கிறதென்று அதுவரை எனக்கே தெரியாது. வாயைத் திறந்தேன். "ரயிலில் கூட்டம் அதிகம், அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் அன்போடு சிரித்தார். "அது பெரிய விஷயம் இல்ல. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. முடிஞ்சா பஸ்ல போங்க" என்றார். அதை மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் நம் மொழியில் அம்மாவிடம் கொடுத்தேன். போகும்போது பொய்க்காரி, வரும்போது உண்மைக்காரி! எப்படிப்பட்ட தூதுக்காரி நான்!

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீடு திரும்பும் வழியில் சொன்னாள்:

"படிச்சவங்க சொல்றாங்க, பெரிய விஷயம் இல்லியாம். நான்தான் ஊதிப் பெருசாக்கிட்டேன் போல."

தாய்மார்களே, என் குற்றம் எது என்று இப்போது புரிகிறதா? அவள் சொன்னதை மறைத்தேன், அது பாதிக் குற்றம். தன் நெஞ்சைத் திறந்து காட்டியும் ஒருவர் 'சாப்பிடுங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டதாக அவளை நம்ப வைத்தேனே, அதுதான் முழுக் குற்றம். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. இரண்டு வாரத்தில் அம்மாவின் ஆலோசனைக் கோப்பை மூடினார்கள். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையையும் நானே மொழிபெயர்த்தேன்.

போன சனிக்கிழமை அவளோடு ரயில் நிலையத்துக்குப் போனேன். ரயில் வரும் சத்தம் கேட்டதுமே இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "காத்து எப்படித் தள்ளுது பாரு" என்றாள். காற்றே இல்லை.

நம் தாய்மார்கள் வாய் திறப்பதில்லை என்று இதே மேடையில் எத்தனை பேர் வருந்தியிருக்கிறீர்கள்! என் அம்மா திறந்தாள். கூசாமல் திறந்தாள், குழறாமல் திறந்தாள். மையம் கதவைத் திறந்தது. ஆலோசகர் காதைத் திறந்தார். நடுவில் ஒரு சுவர் உட்கார்ந்திருந்தது. அந்தச் சுவருக்கு அவள் பெற்று வைத்த பெயர் ஹேரிம்.

பெரியோர்களே, இனி எந்தத் தாயின் முன்னும் அவள் பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அவள் கேட்டாலும் வைக்காதீர்கள். பிள்ளை ஒப்புக்கொண்டாலும் வைக்காதீர்கள். வேறு ஊரிலிருந்து, வேறு சபையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை எதிரே வந்து நிற்காத ஒரு குரலைத் தொலைபேசியில் தேடிக் கொடுங்கள். அதற்கு முன் ஒன்று. இன்று, இப்போது, கேக் வெட்டுவதற்கு முன்பே, உங்களில் ஒருவர் என் அம்மாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், அந்த வியாழக்கிழமைக் கேள்வியை நம் மொழியில் மறுபடி கேளுங்கள். அப்பாவை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். பெட்டி கட்ட வேண்டியிருந்தால் கட்டுகிறேன்.

இவ்வளவு நேரம் என்னைத் திட்டாமல் கேட்ட அவைக்கு நன்றி. வந்தவர் எல்லாரும் நலமாக வீடு போய்ச் சேர

கதவு தட்டும் சத்தம். அம்மா.

"ஹேரிம், தண்ணி விழற சத்தமே காணோம். அழறியா?"

"இல்லம்மா. பேச்சு எழுதறேன்."

"இன்னுமா? ராஜ்யத்தையே பிடிச்சிருக்கலாம் இந்நேரத்துக்கு." கதவில் சாய்கிற சத்தம். "நாளைக்கு நான் வரலடீ. சலவைக் கடை வேலை முடிஞ்சு ரயிலேறி... என்னால முடியல. யாரையாவது ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

அவள் வரமாட்டாள். மேடையில் நான் எதைப் படித்தாலும் அவள் காதில் விழாது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள், மூச்சு கேட்கிறது. தாழ்ப்பாளில் ஒரு கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியது இது: அம்மா, நீ அன்னிக்குச் சொன்னதை அவங்க கேக்கவே இல்லம்மா, நான்தான்