மரியாதையால் கவிழ்ந்த படகு

சிங்கப்பூரில் தெம்பனிஸ் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், கடலில் பாதியைத் தலைமுடியிலேயே கொண்டுவந்தவர்கள்போல் சொட்டச் சொட்ட ஒரு தம்பதி.

“நீ மரியாதை குடுத்ததாலதான் படகு கவுந்துருச்சு,” என்றார் கணவர்.

“கயித்தை விடச் சொன்னேன்ல?” என்றாள் அவள்.

“எப்படிச் சொன்னே? ‘என்னங்க, காத்து பலமா வருது, ஸ்பினக்கர் பாயோட கயித்தைக் கொஞ்சம் விடுறீங்களா’ன்னு. நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பலூன் பாய் நம்மளைப் படுக்க வெச்சிருச்சு லா. படகுக்கு ஸ்கிப்பர் நீதானே? ‘டேய், விடு’ன்னு கத்தணும்.”

“உங்களையா? சனிக்கிழமை ரேஸுக்கு அத்தை கரையில நிப்பாங்க.”

“அம்மா கண்ணு முன்னாடி கவுந்தா படகையே வித்துடச் சொல்வாங்க. இப்பவே பழகிக்க.”

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மரங்கள் காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. அவர்கள் இறங்கும் நிறுத்தம் நெருங்கியது.

“டேய், பெல்லை அடி.”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவர் பாய்ந்து அடித்துவிட்டார்.

“பாத்தியா, எவ்வளவு ஃபாஸ்ட்டு?” என்றார், ரேஸில் ஜெயித்துவிட்டவர்போல.

பேருந்து நின்று கதவு திறந்தது. அவள் அவருடைய ஈரக் காலரைச் சரிசெய்தாள்.

“என்னங்க, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா, இறங்கணும்.”

அவர் எழுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.