அழும் நேரத்தில் வந்த ஷாம்பு

“நான் அழப்போற இடமாப் பார்த்து ஷாம்பு விளம்பரம் வருது, அக்கா.”

களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் அப்படிச் சொன்னாள். அவள் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தது மற்றவள் எழுதிய கதை. இணைய இதழ் ஒன்றில் அன்று காலைதான் வந்திருந்தது. எழுதியவளுடைய முதல் கதை.

“மேல, முகவரிக்குப் பக்கத்தில கோடு கோடா ஒரு அடையாளம் இருக்கு. அதைத் தொடு புள்ள. வாசிக்கிறதுக்கு எண்டே எழுத்தை மட்டும் காட்டும்.”

“ஓம், விளம்பரம் எல்லாம் போயிட்டு. ஐயோ அக்கா, உங்கட படமும் போயிட்டே!”

“போகட்டும். கதை நிக்குதா, பார்.”

“நிக்குது.”

இளையவள் தொடர்ந்து வாசித்தாள். எழுதியவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல், வாசிக்கிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாவற்குடா வரும்போது இளையவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“வாவிக்குள்ள தோணி கவிண்டு சாகிற மனிசன், உங்கட அவர்தானே?”

“அவரேதான். ஆள் இப்ப வீட்டில இருந்து மீன் கழுவுறார்.”

“கதையை வாசிச்சவரா?”

“காலையிலேயே வாசிச்சிட்டார்.”

“கோவிக்கல்லையா?”

“கோவிச்சவர்தான். ‘என்னை ஏன் இவ்வளவு கெதியாச் சாகவச்ச? இன்னும் ரெண்டு பக்கம் உயிரோட விட்டிருக்கலாமே’ எண்டு கேட்டார்.”