எடைக்கு எடை வெல்லம்

எடப்பாடியில் கிளம்பிய பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அம்மாவும் பள்ளியில் படிக்கும் மகளும். அவர்கள் காலடியில் வெல்ல மூட்டை.

“நான் எளைச்சதுக்குச் சாமிக்கு எதுக்குங்கம்மா வெல்லம்?”

“நீ எளைச்சா எடைக்கு எடை தர்றேன்னு நேந்துக்கிட்டேன். ஆத்தா கேட்டுட்டா.”

“தெனமும் விடியறதுக்கு முன்னால ஏரிக்கரையில ஓடுனது நானு. பரோட்டாவ உட்டது நானு. அத யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“ஓடற புத்தியக் குடுத்ததே ஆத்தாதான்.”

மகள் மூட்டையைக் காலால் தள்ளினாள். “இத்தன வெல்லத்தையும் என்ன பண்ணுவாங்களாம்?”

“பொங்க வெச்சு எல்லாத்துக்கும் குடுப்பாங்க.”

“எனக்கு வேண்டாம்.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆத்தா பிரசாதத்தயா வேண்டாம்ங்கற? நீ எளைச்சதுக்கு வெக்கிற பொங்க. நீதான் மொதல்ல வயிறு நெறையத் திங்கோணும்!”