தாய் நாயைப் பார்க்கப் போனேன்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் தாயைப் பார்க்க வேண்டும். பதினோரு ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் இதைச் சொல்லி வருகிறவன் நான். ரத்தினசாமி என்றால் சிவகாசி அச்சகத்தாருக்குத் தெரியும். மேடை போட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பெருமக்களே, அச்சங்குளத்துக்கு வெளியே, கருவேல வேலியோரத்தில், தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கிறது. அதன் பின்புறம் அண்மையில் வெட்டி மூடிய ஆறு சிறு குழிகள் இருக்கின்றன. அங்கே ஓர் அநீதி நடந்திருக்கிறது. என்னோடு வந்து அந்தக் குழிகளின் அருகில் நில்லுங்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். சொல்வதற்கு என்னைவிடத் தகுதியானவர் எவரும் இல்லை.

என் அச்சகத்தில் காலண்டர் ஓடாத மாதங்களில் நான் துண்டறிக்கை அடிப்பேன். காசு வாங்காமல் கொடுப்பேன். சாலையோரக் கூண்டில் குட்டி வாங்காதீர்கள், எட்டு வாரம் ஆகும்முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், தடுப்பூசிச் சீட்டைக் கேளுங்கள், பகலில் ஆளில்லாத வீட்டில் நாயை வளர்க்காதீர்கள் என்று எழுதினேன். மக்கள் படித்தார்கள். கைதட்டினார்கள். பிறகு கூண்டிலேயே வாங்கினார்கள். அதற்காக நான் மனம் தளரவில்லை.

என் வீட்டில் சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கிறேன். மனிதரில் சாதி பார்ப்பதை எதிர்த்து நாற்பது கலப்புத் திருமணங்களை முன்னின்று நடத்தியவன் நான். இரத்தத்தில் உயர்வு தாழ்வு உண்டு என்பவனை மேடையில் கிழித்திருக்கிறேன். நாயின் இரத்தம் வேறு செய்தி. அதைத் தூய்மையாக வைத்திருப்பது நம் கடமை. இவ்விரண்டும் முரண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செழியன் என் மேடைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவன். அவன் தாய் வேலுத்தாய் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டாசுத் தொழிற்சாலையில் வெடிமருந்து அறையில் வேலை செய்கிறார். பையன் பெங்களூருக்குப் போய் நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் நான்கு ஆண்டுகள் இருந்தான். ரவா என்று பெயரிட்ட ஒரு லேப்ரடார் பெட்டையோடு திரும்பி வந்தான். அதைப் பூடுல் நாயோடு சேர்த்து, சுருட்டை முடிக் கலப்புக் குட்டிகளை வளர்க்கத் தொடங்கினான்.

அவன் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். குட்டிகளின் தாய், தந்தை இரண்டுக்கும் பரம்பரை இடுப்புக் கோளாறு இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தான். ரவாவை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஈனவிட மாட்டான். முடியே கொட்டாதாமே என்று கேட்டு வந்தவர்களிடம், “அப்பிடின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க. ஒண்ணுக்குக் கொட்டும், ஒண்ணுக்குக் கொட்டாது. தெனமும் சீவிவிட ஆளிருந்தா வாங்க” என்பான். பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு என்று ஒரு மில் முதலாளியையே திருப்பி அனுப்பினான். அவன் கேட்டவை எல்லாம் என் துண்டறிக்கையில் இருந்த கேள்விகள். என் வாயில் இருந்தபோது அவற்றுக்குக் கைதட்டல் கிடைத்தது. அவன் வாயில் அவற்றுக்கு வேலை கிடைத்திருந்தது.

இன்னொன்றும் செய்தான். நம் ஊர் நாய்களின் துன்பம் உங்களுக்குத் தெரியும். மாலையில் தொழிற்சாலைகள் புது வெடிகளை வெடித்துச் சாம்பிள் பார்க்கும்போது அவை கட்டிலுக்கடியில் நடுங்கும். செழியன் குட்டிகளுக்கு மூன்றாம் வாரம் முதலே, பால் குடிக்கும் நேரத்தில், தூரத்தில் ஒரு தட்டைத் தட்டுவான். பிறகு கைப்பேசியில் வெடிச்சத்தத்தை மெதுவாக வைப்பான்; நாளுக்கு நாள் சற்றே கூட்டுவான். அவன் வளர்த்த நாய்கள் வெடிக்கு அஞ்சுவதில்லை. சிவகாசியில் இப்படி ஒன்றைச் செய்யலாம் என்று ஏனோ எனக்குத் தோன்றியதே இல்லை.

தை மாதம் நாட்டு நாய் காப்புக் கூட்டம் நடத்தினேன். என் வேட்டைநாய் வீரனை மேடையில் பக்கத்தில் கட்டியிருந்தேன். பேச்சின் உச்சத்தில், பக்கத்துத் தொழிற்சாலையில் சாம்பிள் வெடித்தார்கள். வீரன் சங்கிலியை அறுத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு, வடக்கே ஓடியது. முன்வரிசையில் செழியனின் காலடியில் படுத்திருந்த ரவா கொட்டாவி விட்டது.

என் அச்சகத்தில் மிஷின் ஓட்டும் லட்சுமிகாந்தம் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். “நீங்க பேசுங்க அண்ணாச்சி. வீரன் வேட்டைக்குப் போயிருக்கு. முடிக்கிறதுக்குள்ள முயலோட வந்துரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். செழியன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், இரண்டு மணி நேரம் தேடி, என் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தான். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

சித்திரையில் ரவா ஏழு குட்டிகள் போட்டது. முப்பத்தொன்பதாம் நாள் நான் செழியனின் அந்தக் கொட்டகைக்குப் போனேன். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி இருந்தது. வருபவர்கள் செருப்பை நனைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

“வாங்கண்ணாச்சி” என்றான் செழியன். “நாப்பத்தஞ்சாம் நாளு தான் மொத ஊசி. அதுவரைக்கும் யாரையும் உள்ள விடுறதில்ல. நீங்க வந்து நிக்கும்போது அத எப்பிடிச் சொல்ல?”

“சொல்லாத தம்பி. தாயைப் பாத்துட்டுப் போயிருறேன்.”

செருப்பை நனைத்தேன். முழங்கைவரை கழுவினேன். அவன் பார்வை என் தோளில் கிடந்த துண்டில் ஒரு கணம் நின்றது. அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். அவனுடைய ஒழுங்கு அதுதான். சொல்லவில்லை. அவன் பாட்டனார் பெரிய மனிதர்களைக் கண்டால் துண்டை இடுப்புக்கு இறக்கியவர். இந்த மண்ணில் இனி எவனும் எவனையும் துண்டை எடு என்று சொல்லக் கூடாது என்று நான் மேடையில் முழங்கியபோது, பத்து வயதில் எழுந்து நின்று கைதட்டியவன் அவன். என் தோளைப் பார்த்து அந்தச் சொல் அவனுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

வேலுத்தாய் தேநீர் கொண்டுவந்தார். “ஏலே, அண்ணாச்சிக்குச் சேரை எடுத்துப் போடுலே. நல்லாருக்கீகளா அண்ணாச்சி? இந்த ஏழும் நல்ல வீட்டுக்குப் போயிட்டா நான் கம்பெனி வேனுல ஏற மாட்டேன். இங்கனயே நாய்க்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருந்துருவேன். அம்புட்டு வருசம் மருந்து நெடியில கெடந்தது போதும்.”

“நல்லது தாயி” என்றேன்.

பிறகு ரவாவின் அருகில் குந்தி, அதன் தலையைத் தடவி, துண்டால் அதன் வயிற்றையும் பால்காம்புகளையும் பொறுமையாகத் துடைத்துவிட்டேன். அது என் கையை நக்கியது. குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு பால் குடிக்க வந்தன.

அந்தத் துண்டு முந்தைய நாள் சாத்தூரில் இருந்தது. கூண்டில் வாங்கிய ஒரு குட்டி, குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் தொற்றுநோய் கண்டு, இரத்தமாகக் கழிந்து செத்துக்கொண்டிருந்தது. அதன் வீட்டார் யோசனை கேட்டு என்னை அழைத்திருந்தார்கள். அதை அந்தத் துண்டால் துடைத்துவிட்டேன். ஈரம் காய்ந்த பிறகு, கறை உள்ளே போகும்படி மடித்து, பையில் வைத்துக்கொண்டு வந்து, கொட்டகைக்குப் போகும் வழியில் தோளில் போட்டுக்கொண்டேன். இதை அவசரத்தில் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். வீட்டில் வேறு துண்டுகள் இருந்தன.

ஊசி போடும் நாளுக்கு முந்தைய நாள் முதல் குட்டி வாந்தியெடுத்தது. வேலுத்தாய் நான்கு நாள் வேலைக்குப் போகாமல், குட்டிகளுக்கு மருந்துநீர் ஏறும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாராம். ஆறு இறந்தன. ஒன்று பிழைத்தது.

ஐந்தாம் நாள் செழியன் என் அச்சகத்துக்கு வந்தான். முகம் வற்றியிருந்தது.

“ஒரு நோட்டீஸ் அடிக்கணும் அண்ணாச்சி. என் கொட்டகையில பார்வோ வந்திருக்கு, ஆறு குட்டி செத்துப்போச்சு, ஒரு வருசத்துக்குக் குட்டி கெடையாது, யாரும் நாயோட அந்தப் பக்கம் வராதீகன்னு போடணும்.”

“ஊருக்கே சொல்லணுமா தம்பி? பேசாம இருந்தா யாருக்குத் தெரியும்?”

“நீங்களா அண்ணாச்சி இப்பிடிக் கேக்குறது?” என்றான். “எங்கன தப்பு விட்டேன்னு தான் தெரியல. எல்லாரையும் கழுவ வச்சுத்தான உள்ள விட்டேன்.”

ஆயிரம் படி அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மறுநாள் காலை, தொழிற்சாலை வேனில் வேலுத்தாய் ஏறுவதைக் கண்டேன். உழைத்து உண்பது இழிவன்று என்று நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

ஆம், செய்தவன் நான். பொறாமையால் செய்தேன் என்று சொல்வார்கள். ஒரு பிழையும் இல்லாத வளர்ப்பு என்று இவ்வூர் நம்பிய ஒன்றில், ஒரு துண்டு நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்ததை மக்களுக்குக் காட்டினேன். அவன் அடித்த அறிவிப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஆறு குட்டிகளைச் சாகவிட்டதாக அவனே எழுதியிருக்கிறான். இனியும் அத்தகைய ஒருவனிடம் ஓர் உயிரை விட்டுவைக்கலாமா? பிழைத்த குட்டி தேறிவிட்டது. நேற்று சாம்பிள் வெடித்தபோது படுத்த இடத்திலிருந்து அது தலையைக்கூடத் தூக்கவில்லையாம். சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாருங்கள், கையெழுத்திடுங்கள். அந்தக் குட்டியை அவனிடமிருந்து மீட்டு, பொறுப்போடு வளர்க்கத் தெரிந்த என்னிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.